கிராபிக்ஸ் டிரைவர் பிராசஸர் செட்டிங்கில் கை வைத்தால்

பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) பொறுமையாக உட்கார்ந்து பிராசஸரின் மின் வரம்பைக் குறைத்திருப்பீர்கள், இல்லை கொஞ்சம் ஏற்றியிருப்பீர்கள். ராத்திரி முழுக்கச் சோதனை ஓட்டி, சரி, இது நிலையாக நிற்கிறது என்று விட்டிருப்பீர்கள். மாதங்கள் கழித்து ஒருநாள் கிராபிக்ஸ் டிரைவருக்கு அப்டேட் வருகிறது. போடுகிறீர்கள். அன்றிலிருந்து விசிறி சத்தம் கூடுகிறது, சும்மா இருக்கும்போதே கணினி அணைந்து எழுகிறது. டிரைவர் போட்ட பிறகு வந்த கோளாறு என்பதால் எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைத்தான் குடைகிறார்கள். பிராசஸர் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த வழிகாட்டியை எழுதுவது அதற்காகத்தான்.

கிராபிக்ஸ் மென்பொருளுக்கும் பிராசஸருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 2021 செப்டம்பரில், பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டையும் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட கிராபிக்ஸ் மென்பொருளின் 21.9.1 பதிப்பில், ரைசன் 5000 வரிசை பிராசஸரும் ரேடியான் ஆர்எக்ஸ் 6000 வரிசை கார்டும் ஒரே கணினியில் இருந்தால், கிராபிக்ஸ் மென்பொருளுக்குள்ளிருந்தே பிராசஸரையும் தானியங்கியாக ஓவர்கிளாக் செய்யும் (இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும்) வசதி சேர்ந்தது. அதற்காக, பிராசஸர் அமைப்பை விண்டோஸிலிருந்தே மாற்ற உதவும் ரைசன் மாஸ்டர் மென்பொருளின் ஒரு பகுதி கிராபிக்ஸ் தொகுப்போடு சேர்ந்து வந்தது. 2022 ஏப்ரலில், தாங்கள் கேட்காமலேயே பயாஸில் பிராசஸர் அமைப்புகள் மாறிவிட்டதாகப் பலர் சொல்ல ஆரம்பித்தார்கள். சில பயனர்களின் பிராசஸர் அமைப்புகளைத் தன் மென்பொருள் மாற்றுகிறது என்பதை ஏஎம்டியே ஒப்புக்கொண்டு, விசாரிப்பதாக அறிவித்தது. பழைய பதிப்பில் சேமித்து வைத்த டியூனிங் புரொஃபைலை (வேகம், மின்னழுத்தம் போன்ற அமைப்புகள் அடங்கிய கோப்பை) புதிய பதிப்பில் ஏற்றும்போது இது நடக்கிறது என்பதுதான் அப்போது பயனர்களிடையே பரவலாகப் பேசப்பட்ட காரணம்.

அது ஒரு காலத்துப் பிழை. ஆனால் ஒரு மென்பொருளுக்குப் பிராசஸரை மாற்றும் அதிகாரம் இருக்கும்வரை, வேறு பெயரில், வேறு பதிப்பில் அதே மாதிரி மறுபடி நடக்க வழி இருக்கிறது. மதர்போர்டோடு வரும் மென்பொருள்களுக்கும் இதே அதிகாரம் உண்டு. அதனால் பதிப்பு எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, யார் மாற்றியது என்று கண்டுபிடிக்கும் முறையைக் கற்றுக்கொள்வது மேல். நான் என் கணினியையும், வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங் செய்யும் சில நண்பர்களின் கணினிகளையும் பார்த்துக்கொள்கிறேன். அங்கே நான் கடைப்பிடிக்கும் முறைதான் கீழே இருப்பது. உதாரணங்கள் ரைசனை வைத்து இருந்தாலும், எண்களை மாற்றிக்கொண்டால் மற்றவற்றுக்கும் பொருந்தும்.

யார் கை எதுவரை நீளும்

பிராசஸரின் அமைப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

பயாஸ் சிப்பில் எழுதி வைத்திருப்பது ஒன்று. கணினி எழும்போது அதைப் படித்துப் பிராசஸரிடம் கொடுக்கிறது. பிராசஸருக்குள்ளே எஸ்எம்யு என்று ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. எத்தனை வாட் இழுக்கலாம், எந்த கோர் (பிராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி) எந்த வேகத்தில் ஓடலாம் என்று நொடிக்குப் பல தடவை முடிவு செய்வது அதுதான். விண்டோஸ் எழுந்த பிறகு, கெர்னல் அளவில், அதாவது விண்டோஸின் அடிமட்டத்தில், ஓடும் ஒரு டிரைவர் இருந்தால், அதன் வழியாக ஒரு மென்பொருள் நேரே எஸ்எம்யுவிடம் பேசி வரம்பை மாற்றிவிடலாம். இப்படி மாற்றியது ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். போய்விட்டாலும், விண்டோஸோடு சேர்ந்து தானே எழும் மென்பொருளாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் திரும்ப மாற்றும். இன்னொரு வகை மென்பொருள், பயாஸில் எழுதி வைத்திருப்பதையே திருத்திவிடும். அதை அன்இன்ஸ்டால் செய்தாலும் மாற்றம் அப்படியே இருக்கும். 2022ல் பலரைக் கலங்க வைத்தது இந்த இரண்டாவது வகை. மென்பொருளை நீக்கியாயிற்று, ஆனாலும் சூடு குறையவில்லை என்றால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும்.

ஆக, கேள்வி இரண்டு. பயாஸிலேயே எண் மாறியிருக்கிறதா? பயாஸில் சரியாக இருந்து விண்டோஸில் மட்டும் மாறுகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலில் எழுதி வையுங்கள்

எது மாறியது என்று தெரிய வேண்டுமானால், முன்பு என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஓவர்கிளாக் செய்பவர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அத்தனை நேரம் செலவழித்துக் கண்டுபிடித்த எண்களை மனதில் மட்டும் வைத்திருப்பது சரியில்லை.

என் கணினியில் இருப்பது ரைசன் 7 5800எக்ஸ். அதற்கு ஏஎம்டி வைத்த வரம்பு: பிபிடி 142 வாட், டிடிசி 95 ஆம்பியர், ஈடிசி 140 ஆம்பியர். பிபிடி என்பது பிராசஸர் பொருந்தும் சாக்கெட் வழியாக இழுக்கக்கூடிய மொத்த மின்சக்தி. டிடிசி தொடர்ந்து இழுக்கும் மின்னோட்டத்தின் வரம்பு, ஈடிசி கண நேர உச்சத்தின் வரம்பு. என் பெட்டி சின்னது. அதனால் பிபிடியை 110 வாட், டிடிசியை 75, ஈடிசியை 120 என்று இறக்கி வைத்திருக்கிறேன். கோர்களின் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் கழித்தல் 15, வேகமான இரண்டு கோருக்கு மட்டும் கழித்தல் 5. இந்த எண்கள் கேபினட்டின் உள்பக்கக் கதவில் ஒட்டிய காகிதத்தில் இருக்கின்றன. தேதியும் பயாஸ் பதிப்பும் கூடவே.

உங்களுக்கும் இதே மாதிரி ஒரு காகிதம் போதும். பயாஸ் பக்கங்களை போனில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. பல போர்டுகளில் பயாஸுக்குள் எஃப்12 அழுத்தினால் திரையையே பென்டிரைவில் படமாகச் சேமிக்கும். பயாஸிலேயே புரொஃபைல் சேமிக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பயாஸைப் புதுப்பித்த பிறகு பழைய புரொஃபைல் பெரும்பாலும் ஏறாது.

ஏற்கெனவே மாறிப்போன பிறகுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் பிராசஸரின் இயல்பு வரம்பாவது கையில் இருக்கட்டும். ஏஎம்4 சாக்கெட்டில் 65 வாட் என்று விற்கும் பிராசஸர்களுக்கு இயல்பான பிபிடி 88 வாட், 105 வாட் பிராசஸர்களுக்கு 142. ஏஎம்5ல் 170 வாட் பிராசஸர்களுக்கு 230.

மாறியிருக்கிறதா என்று பார்ப்பது

அறிகுறிகளை நம்பி முடிவுக்கு வர வேண்டாம். ஆனால் எதைப் பார்த்தால் சந்தேகப்படலாம் என்று சொல்லிவிடுகிறேன். அதே ரெண்டரிங், அதே அறை, ஆனால் முன்பு 72 டிகிரியில் நின்ற பிராசஸர் இப்போது 85ஐத் தாண்டுகிறது. இது வரம்பு ஏறியதன் அடையாளம். மாறாக, சூடு அப்படியே இருந்து வேகம் மட்டும் குறைந்தால் நீங்கள் போட்ட கர்வ் ஆப்டிமைசர் காணாமல் போயிருக்கலாம்.

மூன்றாவது வகைதான் கண்டுபிடிக்கக் கடினம். வேலை கொடுத்தால் கணினி சிங்கம் போல் நிற்கும். வேலை ஏதும் இல்லாமல் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும்போது சட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். எல்லா கோர்களும் வேலை செய்யும்போது வேகம் இறங்கியே இருக்கும். ஒரே ஒரு கோருக்கு ஒரு நொடி வேலை வரும்போதுதான் அது தன் உச்ச வேகத்துக்குப் பாயும். ஏற்கெனவே மின்னழுத்தத்தைக் குறைத்து வைத்த கோருக்கு, யாரோ உச்ச வேகத்தில் கூடுதலாக 200 மெகாஹெர்ட்ஸ் சேர்த்துவிட்டால் அந்த ஒரு நொடியில் அது தடுமாறும். நீங்கள் போட்ட அமைப்பும் மென்பொருள் போட்ட அமைப்பும் தனித்தனியே நிலையாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தால் கவிழும். கிராபிக்ஸ் கார்டை மாற்றியும் மெமரியைக் கழற்றி மாட்டியும் தீராத பல ரீஸ்டார்ட்டுகளுக்கு இப்படி ஒரு காரணம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நிஜமான சோதனை. கணினியை அணைக்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அல்லது ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால் சாதாரண ஷட் டவுன் முழுமையான அணைப்பு இல்லை, டிரைவர்கள் பழைய நிலையிலேயே திரும்பி வரும், சோதனை குழம்பிவிடும். எழும்போது டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போங்கள்.

அங்கே ஒரு இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். மதர்போர்டு நிறுவனம் தானே வடிவமைத்த ஓவர்கிளாக் பக்கம் ஒன்று இருக்கும். அட்வான்ஸ்ட் பகுதிக்குள் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்று இன்னொரு பக்கம் தனியாக இருக்கும். அதைத் திறந்தால் உத்தரவாதம் பற்றிய எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொண்டால்தான் உள்ளே விடும். இரண்டிலும் பிபிஓ அமைப்பு, அதாவது மேலே சொன்ன மின் வரம்புகளை மாற்றும் வசதி, உண்டு. நீங்கள் முதல் பக்கத்தில் செட் செய்திருப்பீர்கள், மென்பொருள் எழுதியது இரண்டாவது பக்கத்தில் இருக்கும். முதல் பக்கத்தைப் பார்த்து எல்லாம் என் எண்கள்தானே என்று திருப்தியாகத் திரும்பி வருபவர்கள் நிறைய. இரண்டும் முரண்பட்டால் எது ஜெயிக்கும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். இரண்டாவது பக்கத்தில் நீங்கள் தொடாத எதுவும் ஆட்டோ என்று இருக்க வேண்டும். அட்வான்ஸ்ட், எனேபிள்ட், மேனுவல் என்று ஏதாவது இருந்தால் அது உங்கள் வேலை இல்லை என்று அர்த்தம். படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விண்டோஸ். ரைசன் மாஸ்டரைத் திறந்தாலே வரம்பு எண் தெரியும். ஆனால் நாம் துரத்துவதே அதன் பகுதியைத்தான் என்பதால், இந்தச் சோதனைக்கு அதை நான் இன்ஸ்டால் செய்வதில்லை. சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் போதும். சென்சார் பட்டியலில் சிபியு பிபிடி என்று வாட்டில் ஒரு வரி, பிபிடி லிமிட் என்று சதவீதத்தில் ஒரு வரி இருக்கும். இரண்டையும் வைத்து வரம்பைக் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு உதாரணம்: வாட் 76 என்று காட்டும்போது சதவீதம் 86.4 என்று இருந்தால், 76ஐ 0.864ஆல் வகுங்கள், 88 வரும். வரம்பு 88 வாட். அதே 76 வாட்டுக்குச் சதவீதம் 53.5 என்று காட்டினால் வரம்பு 142. சதவீதம் வெறும் 15, 19 என்று இருந்தால் யாரோ பிபிஓவைத் திறந்துவிட்டு, வரம்பைப் போர்டிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். போர்டின் வரம்பு 395, 500, 1000 வாட் என்று எங்கோ இருக்கும், அதாவது நடைமுறையில் வரம்பே கிடையாது.

எண்கள் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால், எல்லா கோருக்கும் வேலை கொடுத்துவிட்டு, நிலையான பிறகு இரண்டு வரியையும் ஒரே நேரத்தில் படியுங்கள்.

யார் மாற்றியது

பயாஸில் எண் சரியாக இருந்து விண்டோஸில் வேறாக வந்தால், விண்டோஸோடு எழும் ஏதோ ஒன்று மாற்றுகிறது. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள். அதில் சாஃப்ட்வேர் என்விரான்மென்ட், அதற்குள் சிஸ்டம் டிரைவர்ஸ். ஏஎம்டி ரைசன் மாஸ்டர் டிரைவர் என்று தொடங்கும் பெயர் இருந்து, ஸ்டார்ட்டெட் பத்தியில் யெஸ் என்று இருந்தால், பிராசஸரிடம் பேசக்கூடிய கதவு திறந்திருக்கிறது. அதுதான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வெறுமனே வெப்பநிலையைப் படிக்கவும் அதே டிரைவர்தான் தேவை.

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், கிராபிக்ஸ் மென்பொருள், மதர்போர்டு மென்பொருள், விளக்கு விசிறி கட்டுப்படுத்துபவை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மதர்போர்டு மென்பொருள்கள் சர்வீஸாகவும் ஓடும், சர்வீஸ் பட்டியலிலும் நிறுத்த வேண்டும். ரீஸ்டார்ட் செய்து மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரம்பு உங்கள் எண்ணுக்குத் திரும்பினால், ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்து கணக்குப் போடுங்கள். எதை இயக்கியபோது எண் தாவுகிறதோ அதுதான்.

எடிட்டிங் செய்யும் ஒரு நண்பரின் கணினியில் கிராபிக்ஸ் டிரைவரைத்தான் எல்லோரும் சந்தேகித்தோம். இரவில் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளைப் பதியும் டபிள்யூஎச்இஏ லாகர், எண் 18, கேஷ் ஹைரார்க்கி எரர் என்று பதிவுகள். ஒவ்வொன்றிலும் பிராசஸர் ஏபிஐசி ஐடி, அதாவது தவறு நடந்த திரெட்டின் (கோருக்குள் வேலை ஓடும் தடத்தின்) எண், 4 அல்லது 5. எட்டு கோர் பிராசஸரில் கோருக்கு இரண்டு திரெட் என்பதால் அதைப் பாதியாக்கினால், பூஜ்யத்திலிருந்து எண்ணும்போது கோர் எண் 2. அந்தக் கணினியில் மிக வேகமான கோர் அதுதான். பயாஸ் பக்கங்கள் இரண்டும் சுத்தமாக இருந்தன. ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்ததில் மாட்டியது மதர்போர்டோடு வந்த மென்பொருள். விசிறி வேகம் மாற்றுவதற்காகப் போட்டது, தானியங்கி டியூனிங் புரொஃபைல் ஒன்றையும் ஒவ்வொரு முறை எழும்போதும் ஏற்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஒரு மென்பொருளின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், இந்த இயக்கு-நிறுத்து முறையை விடாமல் செய்யச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். எதிர்பாராத பழுதால் ரேடியான் டியூனிங் இயல்பு நிலைக்குத் திரும்பியது என்று ஒரு அறிவிப்பு வரும். அது கிராபிக்ஸ் கார்டின் அமைப்பை மட்டும் மீட்டது பற்றிய செய்தி. பிராசஸரை மாற்றியதாகப் பொருள் இல்லை. கணினி கவிழ்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

மீட்கும் வரிசை

இங்கே வரிசை முக்கியம். அவசரத்தில் எல்லோரும் முதலில் பயாஸைச் சரிசெய்கிறார்கள். சரிசெய்து விண்டோஸுக்குள் போனதும் அதே மென்பொருள் எழுந்து அதே எண்ணை மறுபடி எழுதுகிறது. முதலில் எழுதும் கையை நிறுத்த வேண்டும், அப்புறம்தான் எழுத்தை அழிக்க வேண்டும்.

கிராபிக்ஸ் மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் டியூனிங் பக்கத்துக்குப் போங்கள். பிராசஸருக்கான பகுதி ஏதாவது இருந்தால் டீஃபால்ட் நிலையில் வையுங்கள். பழைய பதிப்புகளிலிருந்து கொண்டுவந்த டியூனிங் புரொஃபைல்கள் இருந்தால், அவற்றில் இருக்கும் எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு அழித்துவிடுங்கள். அந்த எண்களைக் கையால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், கோப்பை மட்டும் ஏற்ற வேண்டாம். செட்டிங்ஸ் பகுதியில் ஃபேக்டரி ரீசெட் இருந்தால் அதையும் கொடுங்கள்.

இதற்குப் பிறகும் எண் மாறினால் முழுதாக நீக்க வேண்டியதுதான். புதிய டிரைவரை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கிராபிக்ஸ் டிரைவரை மிச்சமில்லாமல் நீக்கும் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியு, அதையும் எடுத்து வையுங்கள். இணையத்தைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் நீக்கி முடித்ததும் விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்கு ஒரு டிரைவரைப் போட்டுவிடும். சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் நிலையில்) எழுந்து டிடியுவை ஓட்டுங்கள். சேஃப் மோடில் போவதற்குமுன் பிட்லாக்கர் மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிட்லாக்கர் நான் போடவே இல்லையே என்பவர்களும் பாருங்கள். பல கணினிகளில் வட்டுக் குறியாக்கம் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அடுத்த படியில் பயாஸை இயல்புக்குக் கொண்டுவரும்போதும் அந்தச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லாமல் மாட்டிக்கொண்டால் பிராசஸர் பிரச்சினை எல்லாம் சின்ன விஷயமாகிவிடும்.

டிடியு முடிந்ததும் விண்டோஸுக்குத் திரும்பாமல் நேரே பயாஸுக்குப் போங்கள். ஆப்டிமைஸ்ட் டீஃபால்ட்ஸ் கொடுத்து, சேமித்து, மறுபடி உள்ளே வந்து ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். எல்லாம் ஆட்டோவாக இருந்தால் சரி. பழைய எண் ஒட்டிக்கொண்டிருந்தால் சிமாஸ் கிளியர், அதாவது போர்டில் சேமித்த பயாஸ் அமைப்புகளை அடியோடு அழிப்பதுதான் வழி. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டில் அதற்கென்று இருக்கும் இரண்டு பின்களையோ பின்பக்கப் பொத்தானையோ மேனுவலில் பார்த்துப் பயன்படுத்துங்கள். அது இல்லாத போர்டில் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வையுங்கள்.

இயல்புக்குத் திரும்பும்போது பிராசஸர் அமைப்பு மட்டும் போகாது. மெமரியை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொஃபைல், விசிறி வேக வரைவுகள், பூட் வரிசை, கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் அணுக விடும் ரீசைசபிள் பார் எல்லாம் போய்விடும். மெமரி மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல், புது டிரைவர் வேகத்தைக் குறைத்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. படம் எடுத்து வைத்தது இங்கேதான் கைகொடுக்கும். உங்கள் எண்களை மறுபடி போடும்போது ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் போடுங்கள். மற்றது ஆட்டோவிலேயே இருக்கட்டும்.

மறுபடி டிரைவர் போடும்போது

ஏஎம்டி இன்ஸ்டாலரில் கூடுதல் விருப்பங்களைத் திறந்தால் ஃபுல், மினிமல், டிரைவர் ஒன்லி என்று மூன்று இருக்கும். பிராசஸரைக் கையால் செட் செய்திருப்பவர்களுக்கு நான் சொல்வது டிரைவர் ஒன்லி. படம் வரைவதற்கான டிரைவர் மட்டும் வரும், மேலே இருக்கும் மென்பொருள் வராது. திரைப் பதிவு, விளையாட்டு வாரியான அமைப்புகள், கார்டின் டியூனிங் பக்கம் எல்லாம் கிடைக்காது. கார்டின் விசிறியையும் மின்னழுத்தத்தையும் மாற்ற ஆஃப்டர்பர்னர் மாதிரி கார்டை மட்டும் தொடும் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த வசதிகள் வேண்டும் என்பவர்கள் ஃபுல் போடுங்கள், தவறில்லை. பிராசஸரைத் தொடும் பொத்தான் எங்காவது இருந்து, உத்தரவாத எச்சரிக்கையை ஏற்கச் சொன்னால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஓவர்கிளாக் செய்ததால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்பது ஏஎம்டியின் நிலைப்பாடு. பிபிஓவும் அதில் அடக்கம். கேட்காமல் ஒரு மென்பொருள் அதை இயக்கிவிடுவதில் எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் இதுதான். எச்சரிக்கையைப் படித்து ஏற்பது கணினியின் சொந்தக்காரர் எடுக்க வேண்டிய முடிவு.

ரேடியான் சாஃப்ட்வேர் ஸ்லிம்மர் என்ற வெளியார் கருவி ஒன்றும் உண்டு. இன்ஸ்டால் செய்வதற்குமுன் தொகுப்பிலிருந்து ரைசன் மாஸ்டர் பகுதியை மட்டும் எடுத்துவிட உதவும். 2022ல் பலர் இதைத்தான் பயன்படுத்தினார்கள். டிரைவர் ஒன்லி போதுமானவர்களுக்கு இது தேவையில்லை.

விண்டோஸ் அப்டேட் டிரைவரை மாற்றாமல் இருக்க, டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ் என்று தேடி, அங்கே நோ கொடுத்துச் சேமியுங்கள். விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்கள் குரூப் பாலிசியில் அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்க வேண்டாம் என்ற விதியை இயக்கலாம், அது இன்னும் உறுதியானது.

சோதனை

எண்கள் திரும்பிவிட்டன என்பதோடு விட்டுவிடாதீர்கள். நிலையற்ற பிராசஸர் கணினியைக் கவிழ்த்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். கவிழ்க்காமல் ஒரு தவறான பிட்டை எழுதிவிட்டுப் போனால், சுருக்கி வைத்த கோப்பு திறக்காதபோதுதான் தெரியும். அமைப்பு மாறியிருந்த நாட்களில் எடுத்த பேக்கப்புகளை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

சினிபெஞ்ச் மாதிரி எல்லா கோரையும் ஓட்டும் சோதனை சூட்டையும் மின் வரம்பையும் பார்க்க மட்டும். பத்து நிமிடம் ஓட்டி, மேலே சொன்ன வகுத்தல் கணக்கில் உங்கள் எண் வருகிறதா என்று பாருங்கள். கர்வ் ஆப்டிமைசர் போட்டவர்களுக்குக் கோர்சைக்ளர் அவசியம். அது ஒவ்வொரு கோராக எடுத்து, அதற்கு மட்டும் வேலை கொடுத்து, உச்ச வேகத்தில் சோதிக்கும். ராத்திரி ஓட விட்டுக் காலையில் எந்த கோர் தவறியது என்று பாருங்கள். தவறிய கோருக்குக் கழித்தலை இரண்டு மூன்று படி குறையுங்கள் (கழித்தல் 15 என்றால் கழித்தல் 12 ஆக்குங்கள்). ஒரு படி என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். பெரும்பாலும் தவறுவது வேகமான கோர்கள்தான், ஏனென்றால் அவற்றை ஏற்கெனவே எல்லை வரை ஓடும்படி தொழிற்சாலையிலேயே வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு ஒரு வாரம் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ லாகர் பதிவுகளைப் பாருங்கள். 18 வந்தால் கவிழ்ந்தது, 19 வந்தால் தவறு நடந்து திருத்தப்பட்டது. 19ஐப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், 18க்கு முன்னால் வரும் தகவல் அது. கெர்னல் பவர் 41 மட்டும் தனியாக வந்தால், ஒழுங்காக அணையாமல் எழுந்தது என்று மட்டும் பொருள். காரணத்தை அது சொல்லாது.

இனி ஒவ்வொரு டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகும் ரீஸ்டார்ட் கொடுத்து, எச்டபிள்யூஇன்ஃபோவில் அந்த இரண்டு வரியைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. எண் மறுபடி தாவியிருந்தால், அப்டேட்டுக்கு முந்தைய படம், பிந்தைய படம், டிரைவர் பதிப்பு, பயாஸ் பதிப்பு, எந்த வகை இன்ஸ்டால், பழைய புரொஃபைல் ஏற்றினீர்களா இல்லையா என்பதை எழுதி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஏஎம்டி மென்பொருளோடு பக் ரிப்போர்ட் டூல் என்று ஒரு கருவியே வருகிறது. என் கணினி திடீரென்று கவிழ்கிறது என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதையும் செய்து பார்க்க முடியாது. பிபிடி 110ல் இருந்தது, இந்தப் பதிப்பைப் போட்டதும் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் பக்கத்தில் ஆட்டோ என்று இருந்தது அட்வான்ஸ்ட் என்று ஆகிவிட்டது, இதோ இரண்டு படம் என்று எழுதினால், அதே போர்டை எடுத்து அதே படிகளைச் செய்து பார்ப்பார்கள்.